அலெக்சாண்ட்ரைட் ஏன் நிறம் மாறுகிறது? அசலை அறிவது எப்படி?

சிவகாசி மத்தாப்பில் ஸ்ட்ரான்சியம் சேர்மம் சிவப்பொளியையும் பேரியம் சேர்மம் பச்சையொளியையும் தாமே உமிழ்கின்றன. அலெக்சாண்ட்ரைட் கல்லோ எதையும் உமிழாமல், தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி எஞ்சியதையே காட்டுவதால், விளக்கு மாறினால் அதன் நிறமும் மாறுகிறது. வைடூரியத்தைப் போலவே கிரைசோபெரில் என்னும் கனிம இனத்தைச் சேர்ந்த இக்கல்லில் சிறிதளவு கலந்துள்ள குரோமியம், மஞ்சள் ஒளியை விழுங்கிப் பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறைய சமமாக வழிவிடுகிறது. ஆகவே பகலொளியில் பச்சை மேலோங்க, சிவப்பு மிகுந்த குண்டு பல்பின் ஒளியில் கல் சிவந்து தெரிகிறது.

இலங்கையிலும் கேரளத்திலும் கிடைக்கும் இக்கல்லின் பெயரில் விற்பனைக்கு வருவனவற்றுள் பல, அலுமினாத் தூளுடன் வனேடியம் கலந்து, 1902இல் வெர்னூயி அறிவித்த முறைப்படி சுடரில் உருக்கி வளர்த்த செயற்கைக் குருந்தமே. செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது திருச்சியில் அறியப்பட்ட, நேர்மையான தொழில். பெயரை மாற்றி விற்பதுதான் மோசடி. இந்தக் குருந்தம் பச்சையாகாமல் சாம்பல் நீலத்திலிருந்து ஊதாவுக்கே மாறும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் சில வேளைகளில் வாயுக் குமிழிகளும் தெரியும். ஒளிவிலகல் எண், அதாவது கல்லுக்குள் ஒளி வளையும் அளவு, கிரைசோபெரிலில் சுமார் 1.75 எனில் இதில் 1.76க்கு மேல் இருக்கும்.

ஆய்வகத்தில் வளர்த்த அலெக்சாண்ட்ரைட்டைப் பிரிப்பதே கடினம், ஏனெனில் வேதியியலில் அது இயற்கைக் கல்லேதான். உருகிய உப்புக் கலவையில் வளர்த்ததாயின் உள்ளே உலைக்கலத்தின் பிளாட்டினத் துணுக்குகள் சிக்கியிருக்கக்கூடும், மற்றவற்றுக்கு ஆய்வகத்தின் நிறமாலைச் சோதனை வேண்டும். கடையின் வெள்ளை எல்இடி விளக்கு பெரும்பாலும் நீலம் மிகுந்தது என்பதால், அதன்கீழ் அசல் கல்லும் சரிவரச் சிவக்காது.