குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்: கொட்டேஷனைப் படிப்பது எப்படி?

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்: "கையில் நாற்பது, ஐம்பதாயிரம் இருக்கிறது. பையன் கேம் விளையாடவும் படிக்கவும் ஆகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய முடியுமா சார்?"

முடியும். ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல கம்ப்யூட்டரும் வரும், பார்க்கப் பளபளப்பாக இருந்து ஆறு மாதத்தில் அலுத்துப் போகிற கம்ப்யூட்டரும் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனிலேயே தெரிந்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் சமீபத்தில் என்னிடம் ஒரு சீட்டைக் காட்டினார். கடையின் பெயர் வேண்டாம். சீட்டில் இருந்தது இது: இன்டெல் ஐ7 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்.எஸ்.டி., 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., ஆர்ஜிபி விளக்கு வைத்த கண்ணாடி கேபினட். "ஐ7 போட்டிருக்காங்க சார். ஐ3-ஐ விட ஐ7 பெருசுதானே?" என்றார்.

அண்ணன் தம்பிகளுக்குள் என்றால் பெரியது. தாத்தாவையும் பேரனையும் அப்படி ஒப்பிட முடியாது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிநிலைகள். எந்தத் தலைமுறை என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். எச்61 என்ற மதர்போர்டு பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது 2011ல் வந்த சிப்செட். அதில் இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசஸர்கள் மட்டுமே பொருந்தும். சீட்டில் இருந்த ஐ7, பெரும்பாலும் 2011 ஜனவரியில் வந்த ஐ7-2600 ஆகத்தான் இருக்கும். ஏதோ ஒரு அலுவலகத்தில் பல வருடம் உழைத்துவிட்டு வந்த பழைய ப்ராசஸர். அதைப் புதிதாகச் செய்த மதர்போர்டில் மாட்டி, புதுப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். வெளியே எல்லாம் புதிது, உள்ளே இருப்பது பதினைந்து வயது.

இதே பணத்துக்குள் அடங்கும் ஐ3-12100எஃப் 2022ல் வந்தது. இதிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ7-2600லும் நான்கு கோர், எட்டு த்ரெட். எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் ஒரு கோர் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டால் புதிய ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமானது. கேம்களுக்கு இந்த ஒற்றைக் கோர் வேகம்தான் அதிகம் தேவைப்படுகிறது.

வேகத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுப்பு இன்டெலின் நான்காம் தலைமுறையில், 2013ல்தான் வந்தது. அதை எதிர்பார்க்கும் புதிய கேம்கள் பழைய ஐ7ல் திறக்கவே திறக்காது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல் வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும். குறுக்கு வழியில் நிறுவிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். நிறுவலாம். ஆனால் வேலரண்ட் போன்ற கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11ல் டி.பி.எம். 2.0ம் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் உள்ளே விடாது. பையன் விளையாட நினைத்தது அந்தக் கேமைத்தான் என்றால் மொத்தப் பணமும் வீண்.

அடுத்த வரி, "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு". கொட்டேஷனில் கார்டின் பெயர் இல்லாமல் ஜிபி மட்டும் எழுதியிருந்தால் பேனாவை எடுத்து அடியில் கோடு போடுங்கள். அரிசிக் கடையில் "25 கிலோ மூட்டை" என்று மட்டும் சொல்லி, பொன்னியா ரேஷன் அரிசியா என்று சொல்லாமல் விடுவது போன்றது இது. விசாரித்தால் அநேகமாக ஜி.டி. 730 என்று வரும். 2014ல் வந்த கார்டு. அதில் கெப்ளர் வகைக்குக் கூட புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2021லேயே நிறுத்திவிட்டது. படம் தெரியும்; கேம் நகராது.

பெயர் எழுதியிருந்தாலும் முழுப் பெயரையும் பார்க்க வேண்டும். ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. ஒன்றில் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம், மற்றதில் டி.டி.ஆர்.4. முதலாவது விநாடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தும், இரண்டாவது 16.8 ஜிபிதான். ஆர்.டி.எக்ஸ். 3050லும் இதே கதை. 2022ல் வந்தது 8 ஜிபி. 2024ல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு. அந்த 6 ஜிபி கார்டை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். 70 வாட்ஸில் ஓடும், தனி மின் கேபிள் வேண்டாம். நல்ல நிலையில் உள்ள அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்ள ஏற்றது. 8 ஜிபி கார்டின் விலைக்கு அதை வாங்கக் கூடாது, அவ்வளவே.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. வேறு விதம். அது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையில் நான்கு வரிசையை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் பதிப்பு உள்ள மதர்போர்டில் பரவாயில்லை. மூன்றாம் பதிப்பு மதர்போர்டில் பாதை பாதியாகக் குறுகி, 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கித் திணறும். பட்ஜெட் ஆட்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பழைய மதர்போர்டு என்பதால் இந்தக் கார்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 2021ல் வந்த ஆர்.எக்ஸ். 6600 கிடைத்தால் 1080பி திரைக்கு அது இன்றும் நல்ல தேர்வு. 8 ஜிபி, 132 வாட்ஸ்.

கார்டுக்குப் பணம் பத்தவில்லையா? மட்டமான கார்டு வாங்குவதற்குக் கார்டே வாங்காமல் இருப்பது மேல். ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. அது ஜி.டி. 730ஐ எளிதாக முந்தும். வேலரண்ட், மைன்கிராஃப்ட், கொஞ்சம் பழைய ஜி.டி.ஏ. 5 வரை சமாளித்துவிடலாம். அடுத்த வருடம் பணம் சேர்ந்ததும் கார்டைச் செருகிக்கொள்ளலாம். மாறாக இன்டெலில் பெயருக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பிறகு வாங்கலாம் என்று ஐ3-12100எஃப் வாங்கி வந்தால் மானிட்டரில் ஒன்றும் வராது.

உள் கிராபிக்ஸை நம்புகிறவர்கள் ராம் விஷயத்தில் ஏமாறக் கூடாது. அதற்குத் தனி நினைவகம் கிடையாது. ராமையே பங்கு போட்டுக்கொள்கிறது. டி.டி.ஆர்.4-3200 ராம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு போட்டால் 51.2. எனவே 16 ஜிபியில் ஒன்று வாங்காமல் 8 ஜிபியில் இரண்டு வாங்குங்கள். கேமில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கும். மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது டி.ஓ.சி.பி. என்ற இடத்தை ஆன் செய்யாவிட்டால் ராம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது.

ராம், எஸ்.எஸ்.டி. விலை 2025ன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் கொள்முதலால் கடுமையாக ஏறியது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் விலைப் பட்டியல் தரவில்லை. கொட்டேஷன் வாங்கியதும் அது எத்தனை நாள் செல்லும் என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதையும் கேளுங்கள்.

இனி எஸ்.எம்.பி.எஸ். நம் ஊரில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாகம் இதுதான். கேபினட்டோடு இலவசமாக வருகிறது என்பார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 450 என்று இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 16, 192 வாட்ஸ். உங்கள் ஆர்.எக்ஸ். 6600 கேட்பது 132. ஐ3-12100எஃப் முழு வேகத்தில் 89. மொத்தம் 221. ஃபேன், எஸ்.எஸ்.டி. எல்லாம் இன்னும் சேரவில்லை. அதற்குள்ளேயே பத்தவில்லை. கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த ஸ்டிக்கரைத்தான். 80 பிளஸ் முத்திரையுடன், 12 வோல்ட்டில் 36 ஆம்பியருக்குக் குறையாத ஒன்றை வாங்குங்கள். உள்ளீடு 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தோட்டத்து வீடுகளில் தனி ஸ்டெபிலைசர் இல்லாமலே தாங்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்ற புகாரும் நிறைய வருகிறது. எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று மாற்றுகிறார்கள்; புதியதிலும் அடிக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இரண்டு உண்டு. எர்த் இணைப்பு இல்லாத வீட்டில் இவை வழியாக ஏறக்குறைய பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவில், மிகச் சிறிய மின்னோட்டத்துடன் இரும்புப் பெட்டியில் வந்து நிற்கும். மருந்து எர்த் போடுவதுதான். மூன்று பின் சாக்கெட் இருந்தாலே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் போன்ற வறண்ட மண்ணில் எர்த் குழி காய்ந்து போயிருக்கும். எலக்ட்ரீசியனை விட்டுப் பார்க்கச் சொல்லி, கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேபினட்டுக்கு வருவோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு. அழகுதான், ஆனால் காற்று எங்கிருந்து வரும்? அறையின் வெப்பம் 5 டிகிரி ஏறினால் உள்ளே பாகங்களின் வெப்பமும் ஏறக்குறைய அந்த 5 டிகிரி ஏறும். முன்பக்கம் வலை வைத்த கேபினட்டே நம் கோடைக்குச் சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அந்த மாதங்களில் தூசியும் சேர்ந்தே வரும். முன்னால் உள்ளிழுக்கும் ஃபேன் இரண்டு, பின்னால் வெளித்தள்ளும் ஃபேன் ஒன்று என்று வைத்து, முன்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர் போட்டால், உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடி இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும்.

யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்பது 600 வாட்ஸ் அல்ல, பல மாடல்களில் 360 வாட்ஸ்தான் என்பதை மறக்க வேண்டாம். மேலே சொன்ன கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்ந்து கேம் ஓடும்போது 300 வாட்ஸைத் தாண்டக்கூடும். கரண்ட் போனதும் கேமைச் சேமித்து அணைக்க மட்டுமே அது.

ஆன்லைன் கேமில் பிங் குறைய விலை கூடிய கார்டு கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. வேலரண்ட்டுக்கு மும்பையில் சர்வர் உள்ளது. தேனியிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி போய்த் திரும்பவே 11 மில்லி விநாடி ஆகும்; உண்மையில் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள், செலவு சில நூறு ரூபாய்.

எங்கே வாங்குவது? 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் வந்த பிறகு ரிச்சி தெருவுக்கே போய் வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். விலை குறையலாம். பாகம் பழுதானால் அதே ரயிலில் மறுபடி போக வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள். ப்ராசஸர், ராம், எஸ்.எஸ்.டி. எங்கே வாங்கினாலும் பெரிய தொல்லையில்லை. மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உள்ளூரிலோ மதுரையிலோ வாங்குவது நல்லது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதானால் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறை மாறியதும் இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்.எக்ஸ். 580 என்று சொல்லி 2048எஸ்.பி. என்ற சற்றுக் குறைந்த வகையைத் தருவதும் நடக்கிறது. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பழைய என்விடியா சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, புதிய பெயரில் விற்கும் கார்டுகள் பலவற்றை அது போலி என்று பெயருக்கு முன்னாலேயே காட்டிவிடும். ஆர்.எக்ஸ். 580 என்றால் ஷேடர் எண்ணிக்கை 2304 இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டி, திரையில் கோடோ புள்ளியோ வராவிட்டால் பணத்தைக் கொடுங்கள்.