யாருக்கு, எதற்கு?

மென்பொருள் பிறக்கும் கதை – 14

சென்ற வாரம் ஸ்பிரின்ட் என்னும் இரண்டு வார ஓட்டத்தைப் பார்த்தோம். அதற்கான வேலைகள் எங்கிருந்து வருகின்றன? பேக்லாக் என்ற பட்டியலிலிருந்து. இனிச் செய்ய வேண்டியவை அத்தனையும் அதில்தான் வரிசைகட்டி நிற்கும். எது முன்னே, எது பின்னே என்று முடிவு செய்பவர் ப்ராடக்ட் ஓனர்.

நடைமுறையில் என்ன ஆகிறது? விற்பனைப் பிரிவுக்காரர் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த வசதி ஒன்று, போட்டி நிறுவனம் போன மாதம் வெளியிட்டது ஒன்று, முதலாளிக்குத் திடீரென்று தோன்றியது ஒன்று எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நீக்க மட்டும் யாருக்கும் மனம் வராது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ‘ரிப்போர்ட் பக்கத்தில் எக்ஸெல் பட்டன்’ என்று ஒரு டிக்கெட், அதாவது ஒரு வேலைக் குறிப்பு, கிடக்கும். யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்றால் பதில் சொல்ல ஆளிருக்காது. அப்புறம் யார் குரல் ஓங்குகிறதோ அவர் டிக்கெட்தான் மேலே ஏறும்.

இதை மாற்றிச் செய்து காட்டியது ஓர் அரசாங்கம். பிரிட்டனில் அரசு இணையச் சேவைகளை மக்கள் பக்கமிருந்து திருத்திக் கட்ட வேண்டும் என்று இணையத் தொழில்முனைவர் மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010-ல் அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டே கவர்ன்மென்ட் டிஜிட்டல் சர்வீஸ் என்ற குழு அமைந்தது. அவர்களின் வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, அரசின் தேவையை விட்டுவிட்டு மக்களின் தேவையிலிருந்து தொடங்குவது. தேவைகளைத் திரட்டிவைக்க ‘நீடோட்ரான்’ என்று ஒரு கருவியையே எழுதிக்கொண்டார்கள். 2012 அக்டோபர் 17 அன்று, டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பழைய தளங்களின் இடத்தில் கவ்.யூகே வந்தது.

அதில் அரசு விடுமுறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விடுமுறைச் சட்டத்தின் வரலாறு இல்லை, அமைச்சரின் படம் இல்லை. அடுத்த விடுமுறை என்றைக்கு என்பது பெரிய எழுத்தில் முதலில் நிற்கும். கீழே தேதிகளின் பட்டியல், காலண்டரில் சேர்த்துக்கொள்ள ஒரு இணைப்பு. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தேதிகள் மாறும் என்பதால் தனித்தனிப் பிரிவு. அவ்வளவுதான்.

‘விடுமுறைகள் பற்றி ஒரு பக்கம் வேண்டும்’ என்று பேக்லாக்கில் எழுதியிருந்தால் பத்துப் பத்தி வந்திருக்கும். ‘வேலைக்குப் போகிற எனக்கு அடுத்த விடுமுறை என்றைக்கு என்று தெரிய வேண்டும், ஊருக்குப் போகத் திட்டமிட’ என்று எழுதினால் ஒரு தேதி போதும் என்பது தானே விளங்கிவிடும்.

யார், என்ன வேண்டும், எதற்காக என்ற இந்த மூன்று துண்டு அச்சு, 2001 வாக்கில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவானது. இன்று உலகம் முழுக்க ‘யூசர் ஸ்டோரி’ என்றால் பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஏமாற்றவும் இதே அச்சுதான் உதவுகிறது. ‘பயனராகிய எனக்கு எக்ஸெல் பட்டன் வேண்டும், எக்ஸெலில் இறக்கிக்கொள்ள’ என்று எழுதிவிட்டுத் தேவையைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். ஏன் இறக்க வேண்டும் என்று மறுபடி கேட்டால், ‘மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு அனுப்பணும்’ என்று வரும். அதுதான் தேவை. அதற்கு மாதந்தோறும் தானாகப் போகிற ஒரு மின்னஞ்சலே போதுமாக இருக்கலாம், பட்டனே வேண்டாம்.

தேவைகள் கிடைத்த பிறகும் ஒரே நெடும் பட்டியலாக அடுக்கினால் முழுச் சித்திரம் தெரியாது. மென்பொருள் ஆலோசகர் ஜெஃப் பேட்டன் சொன்ன ‘ஸ்டோரி மேப்’ இங்கே கைகொடுக்கும். ரயில் டிக்கெட் செயலி என்றால் தேடுவது, இருக்கை பார்ப்பது, பணம் கட்டுவது, ரத்து செய்வது எனப் பயணியின் வேலைகளைச் சுவரில் இடமிருந்து வலமாக ஒட்டுவார்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்கான ஸ்டோரிகள், முக்கியமானது மேலே. மேல் வரிசையை மட்டும் குறுக்கே வெட்டி எடுத்தால், எளிமையானதாக இருந்தாலும், பயணி ஊர் போய்ச் சேர உதவும் முதல் வெளியீடு கிடைத்துவிடும்.

எல்லா டிக்கெட்டையும் இந்த அச்சுக்குள் திணிக்க வேண்டியதில்லை. சர்வருக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடுவதைப் ‘பயனராகிய எனக்கு’ என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். அதை வேலையாகவே எழுதலாம். மற்றவற்றில், ‘எதற்காக’ என்பதை நிரப்ப முடியாத டிக்கெட்டைத் துணிந்து அழித்துவிடலாம். உண்மையிலேயே தேவையானது என்றால், கேட்டவர் திரும்ப வருவார். அப்போது காரணத்தையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: பயனரிடம் என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது?

(தொடரும்)