நூற்றாண்டு கடந்தும் எழும் ஆலயம்

பல்லாவரத்தில் வாழ்வோர்க்குப் பரங்கிமலை அன்றாடக் காட்சி. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையார் அங்கே உயிர் நீத்தார் என்பது வழிவழி வந்த மரபு. மலையுச்சியிலுள்ள தேவாலயம் 1523-இல் போர்ச்சுகீசியரால் கட்டப்பெற்றது. கட்டடம் கட்டுவோரின் காவலராகவும் கத்தோலிக்க உலகம் தோமையாரைப் போற்றுகிறது. அந்தத் தோமையாரின் பெயரால் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் வானளாவிய கோபுரம் ஒன்று நிற்கிறது. அக்கோபுரத்தைத் தாங்கும் கோயிலோ 1882-இல் தொடங்கப்பெற்று, நூற்றாண்டு கடந்தும் வேலை முற்றாதது. 'சக்ரதா ஃபமீலியா', அதாவது திருக்குடும்பப் பேராலயம், என்பது அதன் பெயர். தொடங்கியவர் மறைந்தபின் ஒரு கட்டடத்தைப் பிறர் எவ்வாறு தொடர முடியும்? தொடரத்தான் வேண்டுமா? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு இவ்வாலயத்தைச் சற்றே நோக்குவோம்.

தோற்றம்

இவ்வாலயத்தை எழுப்ப எண்ணியவர் ஒரு புத்தக வணிகர். யோசெப் மரியா பொக்காபெல்யா என்பவர். மக்களின் காணிக்கையைக் கொண்டே கட்டவேண்டும் என்பது தொடக்கத்திலேயே வகுத்த நெறி. காணிக்கை வரும் வேகமே கட்டட வேகமாயிற்று. 1882 மார்ச்சு 19, புனித சூசையப்பர் திருநாளன்று, அடிக்கல் நாட்டப்பெற்றது. முதற் கட்டடக் கலைஞர் வில்யார் மறு ஆண்டே கருத்து வேற்றுமையால் விலகினார். பொறுப்பு அந்தோனி கௌடி என்னும் 31 வயது இளைஞரிடம் வந்தது.

கௌடி 43 ஆண்டுகள் இப்பணியில் ஈடுபட்டார். இறுதி ஆண்டுகளில் வேறெந்த வேலையையும் ஏற்கவில்லை. 1926 ஜூன் 7 அன்று டிராம் வண்டி மோதியதில் வீழ்ந்தார். எளிய உடையில் இருந்த அம்முதியவர் யாரென்று உடனே எவரும் அறியவில்லை. மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. தாம் கட்டிய ஆலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அன்று முழுதாக எழுந்து நின்ற கோபுரம் ஒன்றே ஒன்று.

கல்லிலே மறைநூல்

எழுத்தறியாதவரும் கண்டு உணருமாறு மறைநூல் முழுவதையும் கல்லில் காட்டுவதே கௌடியின் திட்டம். மொத்தம் 18 கோபுரங்கள். பன்னிரண்டு திருத்தூதர்களுக்கு, நான்கு நற்செய்தியாளர்களுக்கு, ஒன்று மரியன்னைக்கு, நடுவே எல்லாவற்றினும் உயர்ந்தது இயேசுவுக்கு. அதன் உயரம் 172.5 மீட்டர். பார்சிலோனாவின் மோன்சுயிக் குன்றைவிடச் சற்றே தாழ்வாக இருக்குமாறு இவ்வுயரம் வகுக்கப்பெற்றது. மனிதன் கட்டியது இறைவன் படைத்த மலையை மிஞ்சலாகாது என்பது கருத்து.

முகப்புகள் மூன்று. உதயசூரியனை நோக்கியது பிறப்பு முகப்பு. அதில் இலையும் பூவும் பறவையும் கொடியும் மண்டிக் கிடக்கின்றன. அதன் இரு பெருந்தூண்களை இரண்டு ஆமைகள் தாங்குகின்றன. கடற்புறத்தில் கடலாமை, மலைப்புறத்தில் நிலத்தாமை. கோயிலைத் தாங்கும் ஆமை, கூர்ம பீடம் கண்ட நமக்குப் புதிதன்று. மறையும் சூரியனை நோக்கியது பாடுகளின் முகப்பு. தோமையார் கோபுரம் இம்முகப்பில்தான் உள்ளது. இங்கே அலங்காரம் அறவே இல்லை. எலும்புகள் போன்ற சாய்ந்த தூண்களும், கூர்மையாக வெட்டிய உருவங்களுமே உள்ளன. சிற்பி சுபிராக்ஸ் 1987 முதல் இவற்றைச் செதுக்கினார். அங்குள்ள எண் சதுரம் ஒன்றில் எந்த வரிசையைக் கூட்டினாலும் 33 வரும். அது இயேசு இறந்தபோது அவருக்கிருந்த வயது என்பர். மூன்றாவதான மாட்சியின் முகப்பே இன்னும் வேலை எஞ்சியிருப்பது.

மரமும் மோடாவும்

உள்ளே நுழைந்தால் காட்டுக்குள் புகுந்தது போன்ற உணர்வு உண்டாகும். தூண்கள் அடிமரமாய் எழுந்து, மேலே கிளைகளாய்ப் பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. இது வெறும் அழகுக்காகச் செய்ததன்று. பழைய காதிக் தேவாலயங்களில் கூரையின் எடை சுவரை வெளிப்புறம் தள்ளும். அதைத் தடுக்க வெளியே முட்டுச்சுவர்கள் வேண்டும். கௌடி எடை இறங்கும் திசையிலேயே தூண்களைச் சாய்த்தார். முட்டுச்சுவருக்கு வேலையில்லாது போயிற்று.

அத்திசையை எப்படிக் கண்டார்? ஒரு சங்கிலியின் இரு நுனிகளையும் பிடித்துத் தொங்கவிட்டால், அது தன் எடைக்கேற்ற வளைவைத் தானே எடுத்துக்கொள்ளும். அவ்வளைவைத் தலைகீழாக நிறுத்தினால் உறுதியான வில்வளைவு கிடைக்கும். பார்சிலோனாவுக்கு அருகில் கொலோனியா குவெல் என்னுமிடத்தில் மற்றொரு தேவாலயத்துக்காக, கயிறுகளில் சிறு பைகளைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்தார். அப்பாடமே இங்குப் பயன்பட்டது.

கல்லையும் சுமைக்கேற்பத் தேர்ந்தார்கள். சுமை குறைந்த இடத்தில் மணற்கல். பின் முறையே கிரானைட், எரிமலைப் பாறையான பசால்ட். பெருஞ்சுமை இறங்கும் நடுவிடத்தில் போர்ஃபிரி. கல்லின் தரம் பல்லாவரத்தார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல்கத்தாவில் யோபு சார்னாக்கின் கல்லறைமேல் உள்ள கல் இவ்வூர்க் குன்றுகளின் இனமே. அவர் பெயரால்தான் புவியியலார் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டனர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் வீட்டுப் பிரம்பு மோடாவைப் பாருங்கள். நேரான குச்சிகளைச் சாய்த்துக் கட்டியே இடை சிறுத்த வளைவு வடிவம் வந்துவிடுகிறது. இவ்வாறு நேர்கோடுகளால் ஆன வளைபரப்புகளையே கௌடி சன்னல்களுக்கும் கூரைக்கும் கையாண்டார். கொத்தனார் நூல் பிடித்தே அவற்றை அமைத்துவிடலாம்.

சிதைவும் தொடர்ச்சியும்

இந்நுட்பத்தின் அருமை 1936-இல் விளங்கிற்று. உள்நாட்டுப் போர் மூண்டபோது கலகக்காரர் பணிமனைக்குத் தீயிட்டனர். வரைபடங்கள் எரிந்தன; சாந்து மாதிரிகள் நொறுங்கின. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. துண்டு சிறிதாயினும் அதன் வளைவு எந்தக் கணித விதிக்குட்பட்டது என்று கண்டுவிட்டால் முழு வடிவையும் மீட்டுவிடலாம். பிற்காலத்தில் இதற்குக் கணிப்பொறியும் துணை நின்றது. 2010 நவம்பர் 7 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆலயத்தைத் திருநிலைப்படுத்திப் பசிலிக்கா என்னும் நிலைக்கு உயர்த்தினார். 2025 அக்டோபரில், ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தை விஞ்சி, உலகின் உயரமான தேவாலயமாயிற்று.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. கௌடி இல்லாத கௌடியின் கோயில் போலியாகும் என்று 1965-இல் கலைஞர் பலர் பத்திரிகையில் கடிதம் எழுதினர். மாட்சியின் முகப்புக்கு வகுத்த பெரும் படிக்கட்டு எதிர்த்தெருக் குடியிருப்புகளை விழுங்கிவிடுமே என்று அங்கு வாழ்வோர் அஞ்சுகின்றனர். இரண்டும் எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல. தலைமுறைகளாகக் குடியிருப்போரின் வீட்டை இடித்துத்தான் கோயில் நிறைவு பெறவேண்டுமா என்பதற்குக் கணிதத்தில் விடையில்லை.

நம் நாட்டுச் சான்று

முதல் வாதத்திற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உண்டு. விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில் தொடங்கியதென்பர் திருவரங்கத்துத் தெற்கு இராயகோபுரத்தை. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அது அடித்தளத்தோடு நின்றது. அகோபில மடத்து 44-ஆவது ஜீயரின் முயற்சியால் 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக எழுந்து, 1987 மார்ச்சு 25 அன்று குடமுழுக்குக் கண்டது. அதை எவரும் போலி என்பதில்லை. நிலைக்கு நிலை அளவு குறைந்து செல்லும் முறை சிற்ப நூலில் உள்ளது. அதைக் கற்ற ஸ்தபதி மரபும் அறாமல் இருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் தொடங்கிய இராயகோபுரமோ இன்றும் அடித்தளமாகவே நிற்கிறது. முறை இருந்தும் முயல்வார் இல்லாமையே காரணம் எனலாம்.

ஆகவே, ஒரு பெரும்பணி நிறைவேற இரண்டு வேண்டும்: பிறர் கற்றுத் தொடரத்தக்க முறை, அதைக் கற்கவும் உழைக்கவும் முன்வரும் அடுத்த தலைமுறை. கௌடி தம் வாழ்நாளில் முழுதாகக் கண்டது ஒரு கோபுரம். அவர் விட்டுச்சென்ற முறையிலிருந்து மற்றவை எழுந்தன. கல்லூரியில் பயிலும் நாமும் பிறர் தொடங்கிய பணிகளின் நடுவில்தான் வந்து சேர்கிறோம். அவற்றின் முறையைக் கற்றுக்கொள்வதே நம் முதற் கடமையாகும்.