வீட்டிலிருந்தே க்ஷயரோக சிகிச்சை

க்ஷயம் கண்டவர் தறியையும் வயலையும் துறந்து, நல்ல காற்றுள்ள இடத்தில் பல மாதம் படுத்திருக்க வேண்டும் என்பது முற்கால வைத்திய முறை. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் அக்கருத்தில் எழுந்ததே. ஆனால் படுக்கைகளோ சில, நோயாளிகளோ பலர்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தன. 193 நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வீட்டிலும், மற்றவர் சானடோரியத்திலும் ஓராண்டு ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் இரு மருந்துகளை உண்டனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரும் பெரும்பாலும் ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்கு நோய் பற்றும் அபாயமும் கூடவில்லை.

மருந்து இரண்டு எதற்கு? ஒன்றுக்குத் தப்பும் கிருமிகளை மற்றது அழிக்கும். விட்டுவிட்டு உண்டால், தப்பியவை பெருகி மருந்துக்கு மசியாத க்ஷயமாகி, அண்டை வீட்டாருக்கும் பரவும்.

இன்று சாதாரண க்ஷயத்திற்கு ஆறு மாத மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். மருந்துண்ணும் அங்கத்தினர் சற்று நலம் கண்டதும் நிறுத்திவிடாதபடி, கடைசி நாள்வரை துணைநிற்பது சங்கத்தாரின் கடமையாகும்.