பரணில் கிடக்கும் பழைய பொம்மைகளை ஈரத்திலிருந்து காப்போம்

மளிகையோடு பொம்மையும் விற்ற கடைகள் நம்மிடையே பல உண்டு. விற்றது போக மீந்த பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் இன்றும் பரணிலும் கிடங்கிலும் பெட்டியோடு கிடக்கின்றன. சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டியும் கெடாமலிருந்தால் மதிப்பு கூடும். ஆனால் பெட்டியைத் திறந்தால் கரும்புள்ளியும் பிசுபிசுப்பும்தான் என்றால் போட்ட முதல் போனதுதான்.

அரிசி, பருப்பை ஈரம் தாக்காமல் காப்பது நமக்குக் கைவந்த தொழில். அதில் பாதி பொம்மைக்கும் பொருந்தும்; மறுபாதி பொம்மையைக் கெடுத்துவிடும்.

பொருந்துவதை முதலில் சொல்கிறோம். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க வழியாகும். 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. அடைமழைக் காலத்தில் மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்ற வேண்டும்.

இனி, பொருந்தாதவை. பருப்பைப் போல வெயிலில் காய வைத்தால் பிளாஸ்டிக் மஞ்சளித்து நொறுங்கும், நிழலே போதும். பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போட்டால் அதன் ஆவி சிலவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை ஏறும். ரப்பர் பேண்டு ஒட்டிக்கொண்டு கறை விடும். மை இல்லாத வெள்ளைத் தாளே ஏற்றது.

மெதுவான பி.வி.சி. பொம்மைகளில், மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் மேலே கசியும். பிசுபிசுப்பு அதனால்தான். அது பட்ட கெட்டிப் பிளாஸ்டிக்கும் இளகும். ஆகவே இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது. உலோகமும் கறை விடும். 1959இல் அமெரிக்காவில் வந்த பார்பி பொம்மையின் பழைய உருப்படிகள் பலவற்றில் தோடு பட்ட காது பச்சையாகிவிட்டது. தோட்டைக் கழற்றித் தனியே வைக்கலாம். பேட்டரி இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். செல்லுலாய்டு பொம்மை எளிதில் தீப்பற்றும். அதை மற்றச் சரக்கோடு சேர்க்காமல் காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

புள்ளி விழுந்தால் தின்னர், ஸ்பிரிட் வேண்டாம். மென்துணியை மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். ஆழமாக ஊறிய கறையைச் சுரண்டினால் பொம்மைதான் கெடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழைய பொம்மைகளில் ஈயம் போன்ற நச்சுப் பொருளும் இருக்கலாம். அவற்றைக் குழந்தை கையில் கொடுப்பது வியாபார தர்மம் ஆகாது.

அடுத்த மழைக்கு முன் பரணில் ஒருமுறை ஏறிப் பார்ப்போம். நல்லதைப் பிரித்து வைத்தால் நாலு காசு மிஞ்சும்.