கலத்தினுள் நுழையும் கலம்

மருந்து நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. சேரவேண்டிய இடத்தில் அது சேரவும் வேண்டும். படுவான்கரை மக்கள் மட்டக்களப்பு வாவியைக் கடந்து எழுவான்கரை வர, மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, ‘பாதை’யில் ஏறியே வந்தனர். நம் உடலினுட் புகும் மருந்துக்கும் இத்தகைய ஒரு பாதை தேவைப்படுகின்றது. ஏனெனில், ஒவ்வோர் உயிர்க்கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்து காக்கின்றது. கண்டதையெல்லாம் அஃது உள்ளே விடுவதில்லை.

2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நம் நாட்டில் மூன்றாம் ஊசியாகப் பைசர் தடுப்பூசி ஏற்றப்பட்டதை யாவரும் அறிவர். அதன் சாரம் தூது ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறாகும். தனியே விட்டால் உடலிலுள்ள நொதியங்கள் அதனை விரைவிற் சிதைத்துவிடும். ஆகவே விஞ்ஞானிகள் அதனைக் கொழுப்பாலான துணிக்கைகளுட் பொதிந்தனர். ஒரு துணிக்கையின் குறுக்களவு ஏறக்குறைய 100 நனோமீற்றர். நனோமீற்றராவது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணிக்கைகள் பல நூற்றை வரிசையாக அடுக்கினாலே ஒரு தலைமயிரின் தடிப்பு உண்டாகும்.

கலம் என்னுஞ் சொல் தமிழில் மரக்கலத்தையும் குறிக்கும். இச்சிறு மரக்கலம் கரையேறும் விதம் வியப்புக்குரியது. உயிர்க்கலம் அதனை விழுங்கிச் சிறு பையொன்றுள் அடைக்கின்றது. பையினுள் அமிலத்தன்மை மிகவே, அதுவரை மின்னேற்றமின்றியிருந்த கொழுப்பு நேரேற்றம் பெற்றுப் பையின் சுவரைக் குலைக்கின்றது. வெளிப்பட்ட தூதினைப் படித்து உயிர்க்கலம் புரதத்தை ஆக்குகின்றது. ஆயின் இவ்வாறு தப்பி வருபவை சிலவே. எஞ்சியவை பையினுள்ளேயே அழிந்துபோகின்றன.

இனி, குறித்த ஓர் உறுப்பை மட்டும் நாடிச் செல்வது எங்ஙனம்? பரம்பரையாக வரும் ஒருவகை நரம்பு நோய்க்கென 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பற்றிசிரான் என்னும் மருந்து ஈரலைச் சென்றடைகின்றது. குருதியிலுள்ள புரதமொன்று அத்துணிக்கைமேற் படிகின்றது. அப்புரதத்தை ஏற்கும் ஈரற்கலங்கள் அதனோடு துணிக்கையையும் ஏற்றுக்கொள்கின்றன. இங்கே மேல்விலாசத்தை எழுதுவது நம் உடலேயாம்.

புற்றுநோயில் நிலைமை இத்துணை எளிதன்று. முந்திய பத்தாண்டுகளில் வெளியான விலங்காய்வுகளை டொரொன்ரோ பல்கலைக்கழகத்தார் 2016இல் தொகுத்து நோக்கினர். ஏற்றிய துணிக்கைகளுள் கட்டியைச் சேர்ந்தவை, இடைநிலை அளவாக, நூற்றுக்கு 0.7 பங்கே எனக் கண்டனர். பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வழியிலேயே பற்றிக்கொள்கின்றன. இதனால் இம்முறை வீண் என்று கொள்ளலாகாது. 1995இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டொக்ஸில் என்னும் மருந்து, பழைய புற்றுநோய் மருந்தொன்றைக் கொழுப்புக் கூட்டினுள் அடைத்து, இதயத்துக்கு நேரும் தீங்கைக் குறைத்தது.

ஆகவே, ‘நனோ’ என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மயங்கி, வைத்தியர் வகுத்த சிகிச்சையை எவரும் கைவிடுதல் தகாது. மருந்து எங்கே செல்கின்றது, எவ்வளவு சேர்கின்றது, வழியில் யாருக்குத் தீங்கு செய்கின்றது என்று வினவுதலே அறிவுடைமை. இரசாயனமும் உயிரியலும் பயிலும் நம் மாணவர்கள் அந்த 0.7 பங்கினை நினைவில் இருத்துவார்களாக. அதனை உயர்த்தும் வேலை இன்னும் முடியவில்லை.