நான்கே நாளில் ஓராண்டு

சூரியனைத் தவிர்த்த பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்கள் புறக்கோள்கள் எனப்படும். அவற்றுள் வியாழன், சனி ஆகியவற்றைப் போலப் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் திரண்டு உருவானவை வளிமப் பெருங்கோள்கள் ஆகும். எத்துணைப் பெரிய கோளாயினும் விண்மீனின் ஒளிவெள்ளத்தில் அது பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதால், அதைத் தேடியவர்கள் விண்மீனையே கண்காணித்தனர். கோளின் ஈர்ப்பால் விண்மீனும் சற்றே அசைகிறது. அது நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகர்கின்றன. டாப்ளர் விளைவு எனப்படும் இந்த நகர்விலிருந்து கோளின் சுற்றுக்காலத்தையும் குறைந்தபட்ச நிறையையும் கணக்கிடலாம்.

வியாழன் நம் சூரியனை அசைக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர்தான்; ஓர் அலைவு நிறைவுறவோ ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். இக்கணக்கை மனத்திற்கொண்டு கனடா நாட்டின் கோர்டன் வாக்கர், புரூஸ் கேம்பெல் ஆகியோரின் குழுவினர் ஹவாயின் மௌனா கியா மலையுச்சியிலிருந்து 21 விண்மீன்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, வியாழனை ஒத்த கோள் எதுவும் தென்படவில்லை என்று 1995இல் வெளியிட்டனர்.

அதே ஆண்டு அக்டோபரில், ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், சூரியனை ஒத்த 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் வளிமக் கோளை அறிவித்தனர். ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அவ்விண்மீன் நொடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை, தெற்குப் பிரான்சின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்தில் எலோடி என்னும் நிறமாலைமானி காட்டியது. வியாழனில் பாதி நிறையாவது கொண்ட அக்கோளுக்கு ஓராண்டு என்பது 4.23 நாள்தான், புதன் சூரியனிலிருந்து இருக்கும் தொலைவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கில் அது தன் விண்மீனைச் சுற்றுகிறது. முடிவை நம்பத் தயங்கிய இருவரும், 1995 ஜூலையில் அவ்விண்மீன் மீண்டும் இரவு வானில் வாகாகத் தெரியும்வரை காத்திருந்து, முன்கூட்டிக் கணித்த வேகத்தோடு புதிய அளவீடு பொருந்திய பின்னரே வாய் திறந்தனர். இவ்வளவு நெருக்கத்திலும் பெருங்கோள் இருக்கக்கூடும் என வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952இலேயே எழுதியிருந்தும், நம் சூரியக் குடும்பத்தையே அளவுகோலாகக் கொண்டவர்களின் கண்ணில் அது படவில்லை போலும்.

சூடான வியாழன்கள் என்று பெயர்பெற்ற இவ்வகைக் கோள்கள் தொலைவில் பிறந்து பின்னர் உள்நோக்கி இடம்பெயர்ந்தவை என்பதே பரவலான விளக்கம். கோள் விண்மீனின் முன்னே கடந்து செல்லும்போது ஒளி சிறிது மங்குவதைக் கோள்கடப்பு என்பர். 1999இல் எச்.டி. 209458 என்னும் விண்மீனின் ஒளி இவ்வாறு சுமார் 1.5 விழுக்காடு குறைந்ததிலிருந்து அதன் கோளின் பருமன் தெரியவர, முன்பே அறிந்த நிறையோடு சேர்த்துக் கணக்கிட்டதில் அதன் அடர்த்தி தண்ணீரினும் குறைவெனப் புலப்பட்டது. கடப்பின்போது கோளின் வளிமண்டலத்தை ஊடுருவி வரும் ஒளியைப் பகுத்தால் அங்குள்ள பொருள்களையும் அறியலாம். வாஸ்ப்-39பி என்னும் கோளில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022இல் கண்டது இம்முறையில்தான்.

மேயரும் கெலோவும் 2019இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். சூடான வியாழன்கள் முதலில் சிக்கியது அவை மலிந்திருப்பதால் அன்று, அளவிட எளியவை என்பதால்தான். சூரியனை ஒத்த விண்மீன்கள் நூற்றில் ஏறத்தாழ ஒன்றுக்கே அத்தகைய கோள் உண்டு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்க, 21 விண்மீன்களை மட்டும் பார்த்த கனடா குழுவினர் வெறுங்கையோடு திரும்பியதில் வியப்பில்லை.